எஸ்டீம் எஞ்சினைத் திரும்பக் கட்டுவோருக்கு: கேள்வி பதில்

மாருதி எஸ்டீமின் 1298 சிசி எஞ்சினை வேகத்துக்காகப் பிரித்துக் கட்டுபவர்கள் கேட்டவை இங்கே. 74 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 75.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), அலுமினிய பிளாக், அதற்குள் இரும்பு லைனர் (சிலிண்டரின் உள்சுவர்).

அண்ணா, லேத்தில் "0.50 ஓவர்சைஸ் போட்டுவிடலாம்" (துளையை 0.50 மி.மீ. பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டன் போடலாம்) என்கிறார்கள். பிஸ்டன் இன்னும் வாங்கவில்லை. பிளாக்கைக் கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் போரிங். நான்கு பிஸ்டன்களையும் தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில், பிஸ்டனைக் கனெக்டிங் ராட்டோடு இணைக்கும் பின்னுக்கு (pin) குறுக்கே மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிக்கொடுங்கள். எந்தப் பிஸ்டன் எந்த சிலிண்டருக்கு என்று எண் போட்டு, அதற்கேற்ப ஹோனிங் (கல்லால் தேய்த்துத் துளையை நுண்ணளவுக்குக் கொண்டுவருவது) செய்யச் சொல்லுங்கள். 0.25-லேயே தேய்மானம் போய்விடுமானால் 0.50-க்குப் போகாதீர்கள். லைனர் தடிமன் திரும்ப வராது.

ஃபோர்ஜ்டு (அழுத்தி உருவாக்கிய) பிஸ்டன் என்றால் இன்னும் கவனம். 2618 என்ற அலுமினிய அலாய் சூட்டில் அதிகம் விரியும்; சிலிக்கான் கூடுதலாக உள்ள 4032 அவ்வளவு விரியாது. கம்பெனி பிஸ்டனுக்கு விடும் இடைவெளியையே 2618-க்கும் விட்டால், சூடு ஏறியதும் சீஸ் ஆகும் (பிஸ்டன் துளைக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்). பெட்டியில் வரும் தாளில் உள்ள அளவுதான் கணக்கு. பட்டறையின் வழக்கம் அல்ல.

டார்க் பிளேட் போட்டு ஹோனிங் செய்வது வீண்செலவு என்கிறார்களே?

இல்லை. சிலிண்டர் ஹெட் போல்ட்டை முறுக்கும்போது பிளாக் இழுபட்டு, வட்டமாக இருந்த துளை சற்றே கோணும். ஹெட்டுக்குப் பதில் டார்க் பிளேட் என்ற தடித்த பிளேட்டை கேஸ்கெட்டோடு அதே டார்க்கில் (முறுக்கு அளவில்) முறுக்கி ஹோன் செய்தால், ஹெட் ஏறிய பிறகும் போர் வட்டமாக நிற்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வாயு கசியாமல் அடைப்பது அதனால்தான். வேலை முடிந்ததும் போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையில் நீங்களே அளந்து பாருங்கள். நல்ல பட்டறைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

ரிங் கேப் (ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளி) எவ்வளவு விடலாம்?

டர்போ இல்லாமல் தெருவில் ஓட்ட, மேல் ரிங்குக்கு போரின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.004 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. இங்கே சுமார் 0.30 மி.மீ. டர்போவுக்கு 0.45 பக்கம் போங்கள். இரண்டாவது ரிங்குக்கு இன்னும் கொஞ்சம் கூட. கேப் குறைந்தால் முனைகள் முட்டி பிஸ்டனின் ரிங் வரப்பே உடையும். கொஞ்சம் கூடினால் நஷ்டம் அற்பம்.

சார், 6000-ல் இருந்த எல்லையை 7000 ஆர்பிஎம்முக்கு ஏற்றலாமா? கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பழையதுதான்.

விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆயிரம் ஆர்பிஎம் கூடினாலே ராட் மீது இழுப்பு 36 சதவீதம் கூடுகிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனைத் திரும்ப இழுப்பது ராட் போல்ட்தான். பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். புது போல்ட் போட்டால் ராட்டின் பெரிய துளை கோணும், அதையும் திரும்ப ஹோன் செய்து வட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ராட்டை கிராக் டெஸ்ட் செய்து, எடையைச் சமப்படுத்துங்கள். கிராங்க் அரைத்திருந்தால் ஜர்னல் (பேரிங் உட்காரும் உருளைப் பகுதி) ஓரத்து வளைவு அப்படியே இருக்கிறதா பாருங்கள். அங்கே கூர்மையாக விட்டால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஹெட்டை ஃபேசிங் செய்து (அடிப்பரப்பைச் சீவி) கம்ப்ரெஷன் ஏற்றலாமா?

ஏற்றலாம். ஒரு சிலிண்டர் 325 சிசி. கம்ப்ரெஷன் விகிதம் 9.5-லிருந்து 10.5-க்குப் போக, எரிஅறையில் மொத்தம் 4 சிசி குறைய வேண்டும். வெட்டும் முன் எரிஅறையின் கொள்ளளவை பியூரெட்டில் (அளவுக்குழாயில்) அளந்துகொள்ளுங்கள். ஹெட் தாழ்ந்தால் கேம் டைமிங் (வால்வு திறந்து மூடும் நேரம்) பின்தங்கும், வால்வும் பிஸ்டனை நெருங்கும். பிஸ்டன் மேல் களிமண் வைத்து கையால் கிராங்கைச் சுற்றி இடைவெளி பாருங்கள்.

முதல் ஓட்டம் எப்படி?

பிளக் கழற்றிவிட்டு ஆயில் பிரஷர் வரும்வரை சுற்றுங்கள். மினரல் ஆயில் போதும். ஐடிலில் நிறுத்தி வைக்காமல், மூன்றாவது கியரில் மிதமான பளு கொடுத்து விடுங்கள். ரிங் பளுவில்தான் உட்காரும். 100 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றி, ஃபில்டரை அறுத்துக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் தூள் கொஞ்சம் இருந்தால் அது ரிங்கும் லைனரும் படிவது. ஒட்டாத மினுமினுப்பு கண்டால் வண்டியை எடுக்காதீர்கள், சம்ப்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டியை) கழற்றி பேரிங்கைப் பாருங்கள்.