எஸ் சைஸுக்கு முன்னால் எல் வருவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

பனியன் ஸ்டாக்கை ஜாவா புரோகிராமில் சைஸ் வாரியாக சார்ட் செய்தால் 2எக்ஸ்எல், எல், எம், எஸ், எக்ஸ்எல் என்று வருகிறதுங்க. எப்படிச் சரிசெய்வது?
– வாசகி, திருப்பூர்

சைஸை ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக வைத்திருக்கிறீர்கள். ஸ்ட்ரிங்கை ஜாவா, ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் உள்ள யூனிகோட் எண்ணைப் பார்த்துத்தான் அடுக்கும்: 2-க்கு 50, எல் 76, எம் 77, எஸ் 83, எக்ஸ் 88. சரியான வரிசையை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். எஸ், எம், எல், எக்ஸ்எல், 2எக்ஸ்எல் என ஒரு லிஸ்ட் போட்டு, கம்பேரட்டரின் (இரண்டில் எது முன்னால் என்று சொல்லும் விதி) கம்பேரிங்இன்ட்டுக்குள் அந்த லிஸ்டின் இன்டெக்ஸ்ஆஃப் தரும் எண்ணை, அதாவது 0-விலிருந்து எண்ணிய இடத்தை, கொடுங்கள்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. லிஸ்டில் இல்லாத சைஸுக்கு இன்டெக்ஸ்ஆஃப் -1 தரும்; அந்தச் சரக்கு எஸ்ஸுக்கும் மேலே போய் உட்காரும். ஒருவர் 2எக்ஸ்எல் என்றும் இன்னொருவர் எக்ஸ்எக்ஸ்எல் என்றும் என்ட்ரி போடுவது எந்த கம்பெனியில்தான் இல்லை? சைஸுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தாலும் இதே கதிதான். முதலில் ட்ரிம் செய்து ஸ்பேஸை வெட்டிவிடுங்கள். அப்படியும் -1 வந்தால் 999 ஆக மாற்றிவிடுங்கள். தப்பான என்ட்ரியெல்லாம் கடைசியில் சேர்ந்து கண்ணில் படும்.

மஞ்சள் ஏல லாட்டுகளை விலைப்படி அடுக்கும் புரோகிராம். 20 லாட்டில் ஓடுகிறது. 500 லாட் கொடுத்தால் சில நாள் 'கம்பாரிசன் மெத்தட் வயலேட்ஸ் இட்ஸ் ஜெனரல் கான்ட்ராக்ட்' என்று நின்றுவிடுகிறது.
– வாசகர், ஈரோடு

ஒப்பிடும் விதி தனக்குத்தானே முரண்படுகிறது என்பதுதான் அந்த எரர். கம்பேரட்டரில், முதல் லாட்டின் விலை அதிகமென்றால் 1 (பெரியது), இல்லையென்றால் -1 (சிறியது) என்று எழுதியிருப்பீர்கள். குவிண்டால் 13,500-க்குப் போன இரண்டு லாட்டை ஒப்பிட்டால், எதை முன்னால் வைத்துக் கேட்டாலும் அதுவே சிறியது என்று பதில் வரும். ஜாவா 7 முதல் ஆப்ஜெக்ட்டுகளை அடுக்குவது டிம்சார்ட் என்ற முறை. 32-க்குக் குறைவாக இருந்தால் அது மெர்ஜ் (அடுக்கிய பகுதிகளை ஒன்றாகச் சேர்ப்பது) செய்யாது, ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் செருகும் இன்சர்ஷன் சார்ட்டிலேயே முடித்துவிடும். முரண்பாடு பிடிபடுவது மெர்ஜில்தான். அதுவும் எல்லா நாளும் பிடிபடாது. சமமென்றால் 0 வரவேண்டும். விலை முழு ரூபாயென்றால் இன்டீஜர்.கம்பேர், பைசாவும் இருந்தால் டபுள்.கம்பேர் அதைப் பார்த்துக்கொள்ளும். ஒரு விலையிலிருந்து இன்னொன்றைக் கழித்து விடை தருவது வேண்டாம்; பைசாவோடு வரும் வித்தியாசத்தை இன்ட்டாக (முழு எண்ணாக) வெட்டினால் இதே சிக்கல் திரும்ப வரும்.

உயர்ந்த விலை மேலே வேண்டுமென்றால் கம்பேரட்டரிலேயே ரிவர்ஸ்டு போடுங்கள். சார்ட் முடிந்தபின் கலெக்‌ஷன்ஸ்.ரிவர்ஸ் செய்தால், ஒரே விலை லாட்டுகளின் வரத்து வரிசையும் தலைகீழாகிவிடும்.

இறங்குவரிசைக்காக இன்ட் அரேக்கு (முழு எண்களின் தொகுப்பு) ரிவர்ஸ்ஆர்டர் கம்பேரட்டர் கொடுத்தால் கம்பைலே ஆவதில்லையே?
– மாணவர், கோபிசெட்டிபாளையம்

கம்பேரட்டர் ஆப்ஜெக்ட்டுகளுக்கு மட்டும்தான்; இன்ட் ஆப்ஜெக்ட் அல்ல. ஏறுவரிசையில் சார்ட் செய்துவிட்டு, கடைசி இன்டெக்ஸிலிருந்து படியுங்கள்.