நாள் வாடகை வீடுகள் பற்றி எங்கள் வார்டில் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் சொன்னது

கேள்வி: வீடுகளை நாள் கணக்கில் வாடகைக்கு விடுவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவருவது பற்றி உள்ளாட்சித் தேர்தல் வேட்பாளர்கள் என்ன நினைக்கிறார்கள்? வடசென்னையில் யாராவது கேட்டுப் பார்த்ததுண்டா?

நான் கேட்டிருக்கிறேன். 2022 பிப்ரவரியில், மாநகராட்சித் தேர்தல் சமயத்தில், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். அதில் ஒரு பதில் என் வாயை அடைத்துவிட்டது. அதற்கு வருகிறேன். முதலில் தெருவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் புரியாது.

எங்கள் வீட்டிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிட நடை. கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை, நெல்லூர் என்று வடக்கே இருந்து ரயிலேறி வைத்தியத்துக்கு வருகிற குடும்பங்கள் ஏராளம். நோயாளியோடு ஒருவர் உள்ளே இருப்பார். கூட வந்த மூன்று பேர் எங்கே படுப்பார்கள்? என் பாட்டி காலத்திலேயே தெருவில் நாலைந்து வீடுகளில் பாயும் தலையணையும் கொடுத்து ரூம் விட்டார்கள். சவுக்கார்பேட்டையில் சரக்கு எடுக்க வரும் வியாபாரி, மண்ணடியில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்த இலங்கைக் குடும்பம், மணலி ஆலையிலோ அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலோ ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் வேலைக்கு, வரும் ஃபிட்டர், வெல்டர் என்று ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். நாள் வாடகை என்பது எங்களுக்கு செல்போனும் ஆப்பும் வந்து கற்றுக்கொடுத்த தொழில் இல்லை.

ஆனால் எதிர்வீட்டுக் கதை வேறு. மூன்று மாடி வீடு. சொந்தக்காரர் புறநகரில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டார். 2021-இல் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டதும் அந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். நாலு ஏசி மாட்டினார்கள். மாத வாடகைக்கு இருந்த இரண்டு குடும்பங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் எண் போட்டுத் திறக்கும் சாவிப்பெட்டி ஒன்று வந்தது. அதன் பிறகு அந்த வீட்டுக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு மொட்டைமாடியில் ஸ்பீக்கர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் பிரியாணி டப்பா. இரண்டு குடும்பம் புழங்கிய கழிவுநீர்க் குழாயில் பதினாறு பேர் புழங்கினால் என்ன ஆகுமோ அதுவும் ஆனது. அதை எழுத வேண்டாம், சாப்பிடுகிற நேரத்தில் யாராவது படிப்பீர்கள்.

கணக்கு வீட்டுச் சொந்தக்காரருக்கு லாபம்தான். மாத வாடகையாக ஒரு போர்ஷனுக்குப் பன்னிரண்டாயிரம் வந்த இடத்தில், நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு என்று இருபது நாள் போனால் முப்பதாயிரம். காலி செய்த குடும்பங்களில் ஒன்று தண்டையார்பேட்டைக்குப் போனது, இன்னொன்று மணலிக்கு. மணலிக்குப் போன குடும்பத்துச் சின்னப்பெண் ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக்கூடம் இங்கேயே இருந்தது. இரண்டு பஸ் மாறி வந்தாள்.

சரி, தேர்தலுக்கு வருவோம். சென்னை மாநகராட்சிக்கு 2016-க்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது. அதனால் 2022-இல் வந்தவர்களுக்குப் பாதிப்பேருக்கு இதுதான் முதல் தேர்தல்போல இருந்தது. கொரோனா கட்டுப்பாடு வேறு, வீடு வீடாக வந்து மாஸ்க்கை இறக்கிச் சிரித்துவிட்டு ஏற்றிக்கொண்டார்கள்.

முதலாமவர் பெரிய கட்சி, பின்னால் முப்பது பேர். "குறுகிய கால வாடகையை ஒழுங்குபடுத்த என்ன செய்வீங்க?" என்று நான் பத்திரிகைக்காரன் மாதிரி கேட்டேன். என் தப்புதான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வாடகைத் தகராறு என்று நினைத்துக்கொண்டு, "எழுதிக் குடுங்க சார், ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசிடலாம்" என்றார். துண்டறிக்கையைக் கையில் திணித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ஜெயித்ததும் அவர்தான்.

இரண்டாவது வந்தவர் ஒரு பெண் வேட்பாளர். பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு நீங்கள் எல்லா இடத்திலும் பார்த்திருப்பீர்கள்: கும்பிடுவது அவர், பேசுவது கணவர். இந்த முறை நான் பாடம் கற்றிருந்தேன். "எதிர்வீட்ட டெய்லி ரெண்ட்டுக்கு விடறாங்க, ஒரே ரோதனையா இருக்கு" என்றேன். கணவருக்கு உடனே புரிந்தது. ஆனால் அவர் போன திசை வேறு. "இன்னா சார், ஏரியாவுல யாரு யாரோ வரான். ஒரு ரூமுல பத்து வடநாட்டுப் பசங்க. எல்லாத்தையும் காலி பண்ணிடலாம்" என்றார். நான் சொன்னது சனிக்கிழமை ஸ்பீக்கர். அவர் சொன்னது கட்டட வேலைக்கு வந்து பத்துப் பேராக வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் பையன்களை. எங்கள் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தால் நாலாவது வாக்கியத்தில் அங்கேதான் போய் நிற்கிறது. சாவிப்பெட்டி வைத்து வீட்டை லாட்ஜாக்கியவர் உள்ளூர்க்காரர், தமிழர், ஓட்டும் இங்கேதான். அவர் மேல் ஒருவருக்கும் கோபம் வராது.

அந்தப் பெண் அதுவரை பேசவில்லை. எங்கள் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அண்ணே, உங்க மாடில காயிதே, அந்த லுங்கி யாரோடது?"

ஒரு சூலூர்பேட்டைக்காரருடையது. மனைவிக்கு ஸ்டான்லியில் ஆபரேஷன். ராத்திரிக்கு நானூறு ரூபாய், குளிக்க வெந்நீர் உண்டு, ரசம் சாதம் என் அம்மாவின் இஷ்டம். மாடி ரூமை அம்மா இருபது வருடமாக இப்படித்தான் விடுகிறார்.

"எதிர்வீட்டுக்காரரு எந்த வரி கட்டறாருன்னு கேக்கணும்ல? அப்ப உங்களையும் கேக்கணும்ல?" என்றார். குரலில் கோபம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்பதுபோலக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, எங்கள் வீட்டுக்கும் குடியிருப்புக்கான சொத்துவரிதான். மின்சாரமும் வீட்டு இணைப்புதான், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உட்பட. அவர் தோற்றுப்போனார். என் ஓட்டு அவருக்குத்தான் விழுந்தது, கணவரையும் மீறி.

மூன்றாமவர் சுயேச்சை. எங்கள் தெருவுக்கே வீட்டு புரோக்கர், சின்ன வயதிலிருந்து தெரியும். அவர் ஒளிக்கவே இல்லை. "தம்பி, அந்த எதிர்வீட்ட பேசி வுட்டதே நான்தான். இந்தத் தெருவுல பன்னெண்டு வீட்டுல ரூம் வுடறாங்க. அதுல எட்டு வீட்டுல புருஷன் இல்லாத பொம்பளைங்க. நான் போய் சட்டம் பேசுனா எவ ஓட்டுப் போடுவா?" நியாயமான கேள்வி. டெபாசிட் போனது, ஆனாலும் இந்த விஷயத்தைப் பற்றி நிஜமாகவே யோசித்திருந்த ஒரே வேட்பாளர் அவர்.

ஆக, வேட்பாளர்களுக்கு இதில் கருத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'ஒழுங்குமுறை' என்று கேட்டால் இல்லை. வரி, குப்பை, கழிவுநீர், கரன்ட், ராத்திரிச் சத்தம் என்று கேட்டால் உண்டு.

இதில் கவுன்சிலரால் எவ்வளவு முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் நகர மன்றமே சட்டம் போட்டது. 2023 செப்டம்பரிலிருந்து அங்கே முப்பது நாளுக்குக் குறைவாக வீட்டை விட வேண்டுமென்றால் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும், வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. நியூயார்க்குக்கு ஆற்றைத் தாண்டினால் ஜெர்சி சிட்டி. அங்கே 2019 நவம்பரில் இதை மக்கள் வாக்கெடுப்புக்கே விட்டார்கள். வீடுகளை நாள் வாடகைக்குப் பிடித்துக்கொடுக்கும் ஆப் நடத்துகிற ஏர்பிஎன்பி நிறுவனம் 40 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து எதிர்த்தும், கட்டுப்பாடு வேண்டும் என்று ஏறக்குறைய 70 விழுக்காடு பேர் ஓட்டுப் போட்டார்கள். அதே நிறுவனம் பிறந்த சான் பிரான்சிஸ்கோவில் 2015-இல் நடந்தது தலைகீழ். வருடத்துக்கு 75 இரவுதான் என்ற வரம்பை மக்களே தோற்கடித்தார்கள். ஸ்பெயினில் பார்சிலோனா இன்னும் ஒரு படி மேலே. வீட்டுரிமைக்காகத் தெருவில் இறங்கிப் போராடிய அடா கொலாவ் 2015-இல் மேயரானதும் சுற்றுலா விடுதிகளுக்குப் புது உரிமம் கொடுப்பதை நிறுத்திவைத்தார். இப்போதைய மேயர் 2024-இல், இருக்கிற 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பரோடு புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். அங்கெல்லாம் வேட்பாளருக்கு இது பற்றிக் கருத்து இல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் ஜெயித்தால் கையெழுத்துப் போடும் இடத்தில் உட்காருகிறார்.

இங்கே அந்தக் கையெழுத்து ஏழெட்டு மேசைகளில் சிதறிக் கிடக்கிறது. சொத்துவரி, தொழில் உரிமம், குப்பை மாநகராட்சியிடம். கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம். கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற விதி மாநில அரசிடம். யார் தங்குகிறார் என்பது காவல்துறையிடம். வாடகைக்கு இருப்பவர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு சென்னையில் 2012-லேயே வந்தது. வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால், அது இலங்கைச் சித்தப்பாவாகவே இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் ஏற்ற வேண்டும். அது ஒன்றிய அரசு. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமோ, எழுத்து ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு என்று மாத வாடகையை மனதில் வைத்து எழுதியது. சாவிப்பெட்டி வீடு இத்தனை மேசைகளுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது.

அதனால்தான் அந்தப் பெண் கேட்ட வரிக் கேள்வி எனக்குப் பெரிதாகப் படுகிறது. கவுன்சிலர் கைக்கு நன்றாக எட்டுகிற பிடி அதுதான். லாட்ஜ் மாதிரி நடக்கிற வீட்டைக் குடியிருப்பு என்று கணக்கு வைத்திருக்கிறார்களா என்று மன்றத்தில் எழுந்து கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் வரியைப் பற்றி ஓட்டுக் கேட்கும்போது யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். 2022 பிப்ரவரி 19 வாக்குப்பதிவு. ஆறு வாரத்தில் மாநிலம் முழுக்கச் சொத்துவரி 25 முதல் 150 விழுக்காடு வரை ஏறப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது. எங்கள் வாசலில் நின்ற மூவரில் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்து ஒன்றிரண்டு ரூம் விடுவது வேறு, ஆளே இல்லாத வீட்டைச் சாவிப்பெட்டியிடம் ஒப்படைப்பது வேறு. இது நான் கண்டுபிடித்த கோடு இல்லை. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் படுக்கையும் காலை உணவும் திட்டத்திலேயே உரிமையாளர் குடும்பத்தோடு அங்கே வசிக்க வேண்டும், ஆறு ரூமுக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. என் அம்மா விடுகிற மாடி ரூமில் சத்தம் போட்டால் அம்மாவே மேலே போய்விடுவார். எதிர்வீட்டில் சத்தம் போட்டால் போன் செய்ய ஒரு நம்பர்கூட இல்லை. என் சொந்த வசதிக்காகத்தான் இப்படிக் கோடு போடுகிறேன் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம்.

தேர்தலுக்குப் பிறகு எங்கள் பக்கம் முதல் பகுதி சபைக் கூட்டம் நடந்தது, வார்டு மக்கள் கவுன்சிலரிடம் குறை சொல்லும் கூட்டம். போனேன். தெருவிளக்கு, நாய்த்தொல்லை, கொசுவுக்கு நடுவே இதையும் சொன்னேன். ஜெயித்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வாடகைப் பிரச்சினைதானே, முடிஞ்சுதா?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும் குப்பையை மட்டும் குறித்துக்கொண்டார். அந்த வீட்டுக் குப்பையை இப்போது தினமும் எடுத்துவிடுகிறார்கள், அதுவரை சந்தோஷம். நாங்களும் ஒரு நோட்டுப் போட்டோம், தங்குகிறவர் பெயர், ஊர், ஆதார் நம்பரின் கடைசி நாலு எண். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "ஆஸ்பத்திரிக்கு வந்தவங்ககிட்ட இதெல்லாமா கேப்பாங்க?" என்கிறார். வரி விஷயம் அப்படியே இருக்கிறது, மறைக்கவில்லை.

இப்போதைய மன்றத்தின் ஐந்து வருடம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. நம் புரோக்கர் மறுபடி நிற்கப் போவதாகப் பேச்சு. போன வாரம் போன் செய்தார். தேர்தல் விஷயமாகத்தான் இருக்கும், இந்த முறை சரியாகக் கேட்டுவிட வேண்டும் என்று எடுத்தேன்.

"தம்பி, வெள்ளி சனி ரெண்டு நாளைக்கு ஒரு நல்ல பார்ட்டி இருக்கு. குடும்பம்தான். அம்மாகிட்ட கேளு, மாடி காலியா?"