திறந்தார்கள், பதில் இல்லை

அன்புள்ள அண்ணா,

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் மாமாவின் நார் மில்லில் இருக்கிறேன். பி.இ. முடித்துவிட்டுக் கோவையில் கொஞ்ச காலம் ஐ.டி. வேலை பார்த்தேன், ஒத்துவராமல் ஊருக்கே வந்துவிட்டேன். கோகோபீட் (செடி வளர்க்கப் பயன்படும் தேங்காய் நார்த்தூள்) பிளாக் போடுகிறோம். இதுவரை ஏஜெண்டுகள் மூலமாகத்தான் கொச்சிக்கும் தூத்துக்குடிக்கும் சரக்குப் போகிறது. வெளிநாட்டு பையர்களை நேரடியாகப் பிடிக்கலாம் என்று நான் இறங்கினேன். ஒரு பட்டியலை விலைக்கு வாங்கி, தினமும் இருநூறு பேருக்கு மெயில் அனுப்புகிறேன். சாட்ஜிபிடியில் எழுதி வாங்கிய ஆங்கிலம், தப்பு இருக்காது. பாதிப் பேர் திறந்ததாக மென்பொருள் காட்டுகிறது. ஆனால் இரண்டு மாதமாக ஒருத்தர்கூடப் பதில் போடவில்லை. "மெயிலப் பாத்து எவன்டா கண்டெய்னர் வாங்குவான்" என்கிறார் மாமா. நான் அனுப்பும் மெயிலை இணைத்திருக்கிறேன். சப்ஜெக்ட் லைனை மாற்றினால் சரியாகிவிடுமா? இதற்கு நல்ல மென்பொருள் எது?

ச.
பொள்ளாச்சி வட்டம்

அன்புள்ள ச.,

முதலில் அந்த 'பாதிப் பேர்' கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் மென்பொருள் ஒவ்வொரு மெயிலுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டுப் படத்தை வைத்து அனுப்புகிறது. அந்தப் படம் இறங்கினால் 'திறந்தாயிற்று' என்று எழுதிக்கொள்ளும். ஆப்பிள் 2021-இல் தன் மெயில் செயலியில் ஒரு வசதி கொண்டுவந்தது. அதைப் போட்டுவைத்திருப்பவர் மெயிலைத் தொடாவிட்டாலும் படங்களை ஆப்பிளே முன்கூட்டி இறக்கி வைத்துவிடும். பல கம்பெனிகளில் வரும் மெயிலை வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் மென்பொருளும் இதேபோல உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும். உங்கள் பாதிப் பேரில் எத்தனை பேர் மனுசர் என்று யாராலும் சொல்ல முடியாது. நம்பி எண்ணக்கூடியது வந்த பதிலை மட்டும்தான். அது பூஜ்யம்.

இணைத்திருந்த மெயிலைப் படித்தேன். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன். விற்கிறவன் எழுதியதை அழிப்பதுதான் காலையில் எனக்கு முதல் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்களுடையதை இரண்டாம் வரி தாண்டியிருக்க மாட்டேன். 'டியர் சார் ஆர் மேடம்' என்று தொடங்குகிறது. எழுதுகிறவருக்கே நான் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. பிறகு 'ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்'. அப்புறம் முன்னணி உற்பத்தியாளர், உயர்ந்த தரம், நியாயமான விலை, குறித்த நேரத்தில் டெலிவரி. இந்த நான்கையும் உங்கள் பக்கத்து மில்காரரும் எழுதுவார், இலங்கையிலிருந்தும் எழுதுவார்கள். யார் எழுதினாலும் பொருந்துகிற வாக்கியத்துக்கு யாரும் பதில் போடுவதில்லை. அதன் கீழே பிளாக், பிரிக், குரோ பேக், சிப்ஸ், நார், கயிறு, மிதியடி என்று ஒரு பட்டியல். (கயிறும் மிதியடியும் நீங்கள் போடுவதே இல்லையே?) கடைசியில் எட்டு எம்.பி. கேட்டலாக். முன்பின் தெரியாத ஆளிடமிருந்து வரும் அட்டாச்மெண்ட்டை விவரமுள்ள எந்த அலுவலகமும் திறக்காது. அதற்கும் கீழே, 'இந்த வாரம் அரை மணி நேரம் பேச முடியுமா?' யாரென்றே தெரியாத உங்களுக்கு அவர் ஏன் அரை மணி நேரம் தர வேண்டும்?

சப்ஜெக்ட் லைனில் ஒன்றுமில்லை, தம்பி. மெயிலை எழுத உட்காரும்போது உங்கள் மனதில் ஆள் யாரும் இல்லை, குறை அங்கே இருக்கிறது.

எனக்கு வந்ததில் நினைவில் நிற்கும் ஒன்றைச் சொல்கிறேன். 2017-இல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் தமிழக-கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும், உங்கள் மாமாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அப்படி நின்ற லாரி ஒன்றில் சோதனைக்காகத் தார்ப்பாயை அவிழ்த்திருக்கிறார்கள். உள்ளே எங்கள் கம்பெனிப் பெட்டிகள். பின்னால் வண்டியில் நின்றிருந்தவர் கோவையில் அட்டைப்பெட்டி போடும் ஒருவர். மறுநாள் எனக்கு அவரிடமிருந்து மெயில் வந்தது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் இருந்தது. விசயம் இவ்வளவுதான்: 'உங்கள் பெட்டிகளை வாளையாரில் பார்த்தேன். அடி வரிசையில் மூலைகள் நசுங்கியிருந்தன. 5 பிளை (ஐந்தடுக்கு அட்டை) என்று நினைக்கிறேன். அடி வரிசைக்கு மட்டும் 7 பிளை போட்டால் நிற்கும், எல்லாவற்றுக்கும் மாற்ற வேண்டியதில்லை. அதே அளவில் இரண்டு பெட்டி செய்து அனுப்பட்டுமா?'

நான் "அனுப்புங்க" என்று ஒரு சொல் அடித்தேன். மூலை நசுங்குவது குறித்து டீலர்களிடமிருந்து எனக்கு அப்போது புகார் வந்துகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. ஆனால் பெட்டியைப் பார்த்தவருக்கு ஊகிக்கத் தெரிந்திருக்கிறது. தன் கம்பெனி எந்த வருடம் தொடங்கியது என்று அவர் சொல்லவே இல்லை. எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம் என்றாரே, அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. எனக்கு ஆகிற செலவைக் குறைத்துச் சொல்கிற விற்பனையாளர் அரிது. ஆர்டர் உடனே போகவில்லை, பழைய சப்ளையரின் ஒப்பந்தம் முடிகிற வரை காத்திருந்தார். அது வேறு கதை.

உங்கள் சரக்குக்கு வருவோம். வேலையை விட்ட பிறகு பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மில்காரர்கள் சிலருக்கு ஏற்றுமதிக் கடிதங்கள் எழுதித் தருகிறேன், அதனால் கொஞ்சம் தெரியும். 'லோ ஈ.சி., 0.5-க்குக் கீழ்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஈ.சி. என்பது சரக்கில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தல் அளவு. எந்த முறையில் அளந்தது? ஒரு பங்கு பித்துக்கு (கோகோபீட்தான்) ஒன்றரைப் பங்கு தண்ணீர் விட்டு அளந்தால் ஒரு எண் வரும், ஐந்து பங்கு விட்டு அளந்தால் உப்பு நீர்த்துப்போய் எண் இறங்கிவிடும். ஹாலந்துக்காரர்கள் ஒன்றுக்கு ஒன்றரை முறையில் பழகியவர்கள். முறையைச் சொல்லாமல் 0.5 என்று எழுதினால், தொழில் தெரிந்தவர் இவனுக்கு விவரம் போதாது என்று நினைப்பார், அல்லது வேண்டுமென்றே மறைக்கிறான் என்று நினைப்பார். கழுவினது மட்டுமா, கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து பஃபர் செய்ததா என்பதும் அப்படித்தான். வெறும் தண்ணீரில் கழுவினால் பித்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் முழுதாகப் போகாது, கால்சியம் உள்ளே போய்த்தான் அவற்றைத் தள்ள வேண்டும். வாங்குகிறவர் கேட்கப் போகும் முதல் கேள்வி இது. அதற்கான பதில் முதல் மெயிலிலேயே இருந்தால் உங்களைத் தொழில்காரராக மதிப்பார்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன். அமெரிக்காவில் ப்ளூபெர்ரி நாற்றும் அதற்கான மண்கலவையும் விற்கிற ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். மெயில் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும், தமிழில் தருகிறேன்.

சப்ஜெக்ட்: உங்கள் ப்ளூபெர்ரி கலவைக்கான பித், ஈ.சி. பற்றி

'வணக்கம் (பெயர்). தொட்டி ப்ளூபெர்ரிக்கென்று நீங்கள் தனிக் கலவை போடுவதை உங்கள் தளத்தில் பார்த்தேன். ப்ளூபெர்ரி உப்புத் தாங்காது என்பதால் எழுதுகிறேன். நாங்கள் தென்னிந்தியாவில் பொள்ளாச்சியில் பித் கழுவி, கால்சியம் நைட்ரேட்டில் பஃபர் செய்து 5 கிலோ பிளாக்காகப் போடுகிறோம். ஒன்றுக்கு ஒன்றரை முறையில் ஈ.சி. 0.5-க்குக் கீழ். கடைசி மூன்று லாட்டின் சோதனைத் தாள் இருக்கிறது. குறைந்தபட்சம் ஒரு 40 அடி கண்டெய்னர். சோதனைத் தாளை அனுப்பட்டுமா?'

கீழே உங்கள் பெயர், மில் பெயர், முழு முகவரி, போன் நம்பர். 'இனி எழுத வேண்டாம் என்றால் ஒரு வரி போடுங்கள், நிறுத்திவிடுகிறேன்' என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான். அதில் ஒரு எண்கூடப் பொய்யாக இருக்கக் கூடாது. உங்கள் லாட் 0.7 வந்தால் 0.7 என்றே எழுதி, அது ஒத்துவருகிற பயிர்காரரைத் தேடுங்கள். விலை எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கப்பல் வாடகை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, அவர் எந்தத் துறைமுகத்தில் இறக்குவார் என்று தெரியாமல் ஒரு விலை சொல்லி அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம். இதில் எனக்கு எதிர்க்கருத்து உள்ளவர்கள் உண்டு. கேட்கிற கேள்வியும் ஒன்றே ஒன்றுதான். 'எஸ்' என்று மூன்று எழுத்தில் பதில் சொல்லிவிடலாம். முதல் மெயில் கண்டெய்னரை விற்காது, மாமா சொல்வது சரிதான். அந்த மூன்று எழுத்தை வாங்கிவிட்டால் அதன் வேலை முடிந்தது.

இப்படி ஒரு மெயிலுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவர்கள் தளத்தைப் படித்து, என்ன பயிர், வாங்கும் பொறுப்பில் யார் என்று தேடிவிட்டுத்தான் எழுத முடியும். நாளைக்கு ஐந்து போனால் பெரிது.

விலைக்கு வாங்கின பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். அதில் செத்த முகவரிகள் பாதி இருக்கும். ஸ்பாம் அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே வைத்திருக்கும் பொறி முகவரிகளும் சில இருக்கலாம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் கெடுபிடியை ஏற்றிவிட்டன. மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் உங்கள் டொமைனுக்குப் போட்டுவைப்பது நல்லது. உங்களுக்கு டொமைன் விற்றவரிடம் கேட்டால் ஒரு மத்தியானத்தில் முடித்துத் தருவார். ஸ்பாம் என்று அழுத்துகிறவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேரை எட்டக் கூடாது என்கிறது கூகுள். நீங்கள் இந்த இருநூறையும் மில்லின் டொமைனிலிருந்தே அனுப்புகிறீர்கள். அதன் பேர் கெட்டால், மாமா தன் ஏஜெண்டுக்கு அனுப்பும் இன்வாய்சும் ஸ்பாமில் போய் விழும். எனக்கு இதில்தான் உண்மையான கவலை.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதி தேவையில்லை. ஆனால் சப்ஜெக்டில் ஏமாற்றக் கூடாது, தபால் முகவரி இருக்க வேண்டும், வேண்டாம் என்றால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். ஜெர்மனியில் கம்பெனிக்கு எழுதினாலும் முன்கூட்டிச் சம்மதம் வேண்டும். அங்கே வியாபாரம் வேண்டுமென்றால் ஜனவரியில் எசன் நகரில் நடக்கும் ஐ.பி.எம். தோட்டக்கலைக் கண்காட்சிக்கு ஒருமுறை போய், நேரில் பேசி, 'எழுதலாமா' என்று கேட்டுக்கொண்டு எழுதுவதுதான் வழி.

பருவத்தையும் பாருங்கள். ஹாலந்தில் கண்ணாடிக் கூடத் தக்காளி டிசம்பர், ஜனவரி வாக்கில் நடவு. பழைய பைகளை எடுத்துவிட்டுப் புதியது வைப்பது அதற்குச் சற்று முன். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கிய பிறகு பெரும்பாலான கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்து, பயணம் பத்துப் பதினைந்து நாள் நீண்டுவிட்டது. இதையெல்லாம் கூட்டினால் அந்தப் பயிர்காரர் பித் பற்றி யோசிப்பது கோடையிலேயே. பிப்ரவரியில் எழுதினால் பாவம், அவர் என்ன செய்வார்? நம் பக்கமோ ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழை உள்ளே வந்துவிட்டால் களத்தில் பித் காயாது. 'மழைக்கு முன் காய்ந்த சரக்கு இவ்வளவு கையிருப்பு, அடுத்தது மழை விட்ட பிறகுதான்' என்பது மே மாதத்தில் எழுதத் தகுந்த நேர்மையான காரணம். பதில் வராதவருக்கு இரண்டாவது மெயிலாக இதை அனுப்பலாம், பழைய மெயிலின் கீழேயே. 'என் முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா' என்று மட்டும் எழுதாதீர்கள், படிக்கும்போதே எரிச்சல் வரும். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த வருடம் விட்டுவிடுங்கள்.

மாமாவிடம் ஒன்று கேளுங்கள். முன்பு நேரடியாகவோ சாம்பிளாகவோ வாங்கிவிட்டு நின்றுபோன பையர்கள் யாராவது இருக்கிறார்களா? எந்த மில்லிலும் நாலைந்து பேர் பழைய ஃபைலில் கிடப்பார்கள். ஏன் நின்றார்கள் என்று மாமாவுக்குத் தெரிந்திருக்கும்: ஈரம் அதிகமானதா, பேலட் சரிந்ததா, பணம் இழுபட்டதா. முதல் ஐந்து மெயில் அவர்களுக்குப் போகட்டும். அதில் அந்தக் குறையையும் இப்போது என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். மாமாவின் பெயரிலேயே அனுப்பினால் நல்லது.

மென்பொருள் கேட்டிருந்தீர்கள். நாளைக்கு ஐந்து மெயிலுக்கு எக்செல் போதும். கம்பெனி, ஆள் பெயர், என்ன பயிர், எதைப் பார்த்து எழுதினோம், அனுப்பிய தேதி, என்ன பதில் என்று ஆறு பத்தி. வேண்டாம் என்று சொன்னவர்களைச் சிவப்பில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் மில்லுக்குப் புதுப் பையன் யாராவது வந்தாலும் அவர்களுக்கு எழுதாமல் இருப்பான்.

அன்புடன்