வாங்குவோர் கேள்வி-பதில்: காருக்குள் ஒரு பக்கமே ஒதுங்கும் பாட்டு

கேள்வி: நான்கு கதவுகளிலும் ஸ்பீக்கர் இருந்தும், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் வலக் கதவு மட்டுமே பாடுகிறது. பெங்களூரு ஜே.சி. ரோட்டுக் கடையில் இன்னும் இரண்டு சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
– வாசகர், அல்சூர்

பதில்: வேண்டாம். இருக்கும் ஸ்பீக்கர்களின் இடமும் நேரமும் சரியாக அமையாதபோது எண்ணிக்கையைக் கூட்டினால் குழப்பம்தான் கூடும். நம் கார்களில் ஓட்டுநர் வலக் கதவை ஒட்டி உட்காருவதால், இடக் கதவின் ஒலி அவர் காதை எட்ட 70 சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு மில்லிசெகண்டில் ஒலி கடப்பது சுமார் 34 சென்டிமீட்டர் என்பதால், இடப்பக்கம் 2 மில்லிசெகண்டு பிந்துகிறது. காதோ முதலில் வந்து சேர்ந்த திசையிலிருந்தே முழுப் பாட்டும் வருவதாக எடுத்துக்கொள்கிறது. இட-வல ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பேலன்ஸைத் திருகினால் ஒலியளவு சமமாகுமே தவிர, தாமதம் அப்படியே இருக்கும். உங்கள் ஹெட் யூனிட்டில் (டேஷ்போர்டிலுள்ள ஸ்டீரியோவில்), ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியே தாமதப்படுத்தும் டைம் அலைன்மென்ட் வசதி இருந்தால், வலப்பக்கத்தை அதே 2 மில்லிசெகண்டு தாமதப்படுத்திப் பாருங்கள். ஆனால் அது ஓட்டுநருக்கு மட்டும் செய்யும் உபகாரம். பக்கத்தில் இருப்பவருக்கு நிலைமை இன்னும் மோசமாகும்.

குடும்பத்தோடு கேட்பவர்கள், உயர்ந்த ஒலியைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரைத்தான் கவனிக்க வேண்டும். கதவிலுள்ள ஆறரை அங்குல ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலியை எல்லாப் பக்கமும் பரப்பும். ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போகப் போக, தனக்கு நேர் எதிரே மட்டும் பாய்ச்சும். எதிரே இருப்பது உங்கள் முழங்கால் என்பதால், ஜால்ராவின் கிணுகிணுப்பெல்லாம் பேன்ட் துணியிலேயே அமுங்கிவிடுகிறது. ஆகவே, ட்வீட்டர்களைப் பக்கக் கண்ணாடிக்கு உட்புறமுள்ள முக்கோண மூலைக்கு ஏற்றி, இரண்டையும் முன் இருக்கைகளுக்கு நடுவே தலை உயரத்தில் உள்ள ஒரு புள்ளியை நோக்கித் திருப்புங்கள். அப்போது அருகிலிருப்பது காதுக்குச் சற்று ஓரமாகவும் தொலைவிலிருப்பது நேராகவும் அமைவதால், இரண்டு இருக்கைகளிலும் அளவு ஓரளவு சமப்படும். துளை போடுவதற்கு முன் இருபக்க டேப்பில் ஒட்டிக் கேட்டுப் பார்த்துக் கோணத்தை முடிவு செய்யுங்கள். ஜன்னலோரம் விரியும் திரை ஏர்பேக் உள்ள வண்டியானால், அது விரியும் வழியிலுள்ள முன்கண்ணாடித் தூணில் மட்டும் கை வைக்க யாரையும் விடாதீர்கள்.

கேள்வி: ஈக்வலைசரில் எல்லாப் பட்டைகளையும் மேலே ஏற்றிவிட்டேன். ஆனாலும் ஒலி சீராகவில்லையே?
– வாசகர், ஹெப்பால்

பதில்: எல்லாவற்றையும் ஏற்றுவது வால்யூமைக் கூட்டுவதற்குச் சமம், அனைத்தையும் நடுவுக்கு இறக்குங்கள்.

கேள்வி: 600 வாட்ஸ் என்று பெட்டியில் போட்டிருந்த ஓவல் ஸ்பீக்கர்களைப் பின் டிரேயில் பொருத்தினேன். பின்னால் குழந்தைகள் காதைப் பொத்துகிறார்கள், முன்னால் தெளிவே இல்லை.
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: குழந்தைகளின் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தால் வேறென்ன நடக்கும்? பெட்டியில் பெரிதாக அச்சிடும் அந்த எண்ணைப் பற்றி நான் எழுதி எழுதிச் சலித்துவிட்டேன், இருந்தாலும் இன்னொரு முறை எழுதுகிறேன். அது கணநேர உச்சம். தொடர்ந்து தாங்கும் அளவு ஆர்.எம்.எஸ். என்ற பெயரில், பெரும்பாலும் பெட்டியின் அடிப்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும். ‘50 வாட்ஸ் x 4’ என்று விற்கும் ஹெட் யூனிட்டே, தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாதபோது, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தொடர்ச்சியாகத் தருவது பொதுவாக 20 வாட்ஸ் பக்கம்தான். வாட்ஸை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. சென்சிட்டிவிட்டி (அதே வாட்ஸுக்கு ஸ்பீக்கர் எழுப்பும் ஒலியளவு) 3 டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கரை வாங்கினால் அதே பலன் வாட்ஸைக் கூட்டாமலே கிடைத்துவிடும். இதே எண்ணை நம்பி நான் வாங்கிய ஜோடி இப்போது பரணில் கிடக்கிறது, எடைக்குப் போடக்கூட மனம் வரவில்லை. அந்தப் பணத்தில் முன் கதவுகளுக்கு அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டி, உட்தகட்டின் பெரிய ஓட்டைகளை அடைத்திருந்தால், ஸ்பீக்கரில் அதிரும் கூம்பான கோனின் முன்னும் பின்னும் கிளம்பும் ஒலிகள் ஒன்றையொன்று விழுங்காமல், முன்னாலேயே நல்ல பேஸ் (தாழ்ந்த ஒலி) கிடைத்திருக்கும். (கதவின் அடியிலுள்ள மழைநீர்த் துளைகளை அடைத்துவிடாதீர்கள், துரு ஏறிவிடும்.) இப்போதைக்கு, முன்-பின் ஒலியளவை மாற்றும் ஃபேடரை முன்பக்கம் நகர்த்துங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கதவு ஸ்பீக்கரின் காந்தம் ஜன்னல் கண்ணாடியில் இடிக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, ஜெயநகர்

பதில்: திருப்பி அனுப்புங்கள், அடுத்த முறை ஆழத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். புது ஸ்பீக்கர் மாட்டிய நாள் முதல் பேஸே இல்லை, பாட்டு எங்கிருந்து வருகிறதென்றும் புரியவில்லை. கடைக்காரர், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டுகிறார். பில் இருக்கிறது.
– வாசகர், கே.ஆர். புரம்

பதில்: பில் வாங்கி வைத்தீர்களே, அது பெரிய காரியம். முதலில் பேலன்ஸை ஒரு பக்கமாகத் தள்ளிக் கேளுங்கள், பிறகு நடுவில் வையுங்கள். நடுவில் வைத்ததும் பேஸ் குறைந்தால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் வயர்களை மாற்றி இணைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரு கோன் முன்னே வரும்போது மற்றது பின்னே போய் ஒலியைத் தின்றுவிடுகிறது. இது கடையில் சில நிமிடங்களில் இலவசமாகச் சரி செய்து தர வேண்டிய தவறு.

ஸ்பீக்கரிலேயே கோளாறு என்றால், அந்தப் பலகைக்கு மதிப்பில்லை. பில்லில் காலக்கெடு எதுவும் குறிக்கப்படாத நிலையில், பழுதான பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணமும் கிடையாது. மனுவோடு பில்லின் நகலையும், கடைச் சுவரிலுள்ள அந்தப் பலகையின் படத்தையும் இணையுங்கள்.