மரச்சட்ட வீட்டின் சுவருக்கும் கூரைக்கும் எந்த வெப்பக்காப்புப் பேனல் நல்லது: தெர்மாகோலா, பாலியூரித்தேனா?

குளிர் நாட்டில், தூணும் உத்தரமும் உள்ளே தெரிய, பேனலை வெளியே போர்த்தும் வீடு என்று வைத்துக்கொள்கிறேன். சுவருக்குத் தெர்மாகோல் போதும். கூரையில் தடிமனுக்கு இடமில்லாவிட்டால் மட்டும் பாலியூரித்தேன்.

இரண்டுக்கும் இருபுறமும் 11 மி.மீ. ஓ.எஸ்.பி. (மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய) பலகைதான், நடுவில் இருப்பதுதான் வேறு. 140 மி.மீ. நடுப்பகுதி தெர்மாகோலானால் வெப்பத்தடை (R மதிப்பு, m²K/W அலகில்; கூடினால் நல்லது) சுமார் 3.8, பாலியூரித்தேனானால் 5.8. ஆனால் பாலியூரித்தேன் குமிழ்களில் இருக்கும் வாயு ஆண்டுக்கணக்கில் கசிந்து காற்று புகுவதால் தடை குறையும். எனவே புதுப் பேனலின் எண்ணை விட்டுவிட்டு, பழையதாக்கிச் சோதித்த எண்ணைக் கேளுங்கள். தெர்மாகோலுக்குள் வெறும் காற்றுதான், அந்தக் கவலை இல்லை. தீயில் தெர்மாகோல் உருகும், பாலியூரித்தேன் கருகும். எதுவானாலும் உட்புறம் ஜிப்சம் போர்டு வேண்டும். பி.வி.சி. ஒயர் தெர்மாகோலை நேரடியாகத் தொடக் கூடாது, உறை விறைத்துப்போகும். குழாய்க்குள் விடுங்கள்.

உண்மையில் கூரையைக் கெடுப்பது நடுப்பொருள் அல்ல, மூட்டு. அலாஸ்காவின் ஜூனோ நகரில் பேனல் கூரைகள் முகட்டை ஒட்டி அழுகியது இதனால்தான். வீட்டுக்குள் சூடான ஈரக்காற்று மேலெழுந்து, அடைக்காத மூட்டு வழியே ஏறி, வெளிப்பலகையின் குளிர்ந்த அடிப்பக்கத்தில் நீராகிறது. மேலே கூரைத்தாள் இருப்பதால் அது உலர வழியில்லை.

ஆகவே பேனல் ஏற்றும் முன்பே முகட்டு உத்தரத்தின் மேல் மூட்டில் காற்று ஏறாமல் அடைக்கும் அகலமான டேப்பை விரித்துவிடுங்கள். பேனல் உட்கார்ந்த பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பலகைகளுக்கிடையே 3 மி.மீ. விடுங்கள், ஈரத்தில் ஓ.எஸ்.பி. உப்பும். முகட்டில் விரலளவு இடைவெளி விட்டு, முழு ஆழத்துக்கும் ஸ்ப்ரே ஃபோம் நிரப்புங்கள். மூட்டைத் திடமான மரத்துண்டு வைத்து இணைத்தால் குளிர் அதன் வழியே இறங்கும். தெர்மாகோல் நடுவைத்த இணைப்புத் துண்டே மேல்.

ஸ்குரூ நீளத்துக்குக் கணக்கு: பேனல் 162, பேனலுக்கும் உத்தரத்துக்கும் நடுவே வரும் உள்போர்டு 16, மரத்துக்குள் 40, ஆக 218, அதாவது சுமார் 220 மி.மீ. தலை பலகைக்குள் புதைந்தால் பிடிமானம் போச்சு. உத்தரத்தைத் தவறவிட்ட ஸ்குரூவை அப்படியே விடாமல் கழற்றி, துளையை ஃபோமால் அடையுங்கள். இல்லாவிட்டால் குளிர்காலத்தில் அதன் முனை வியர்த்து, உள்போர்டில் துருக்கறை படியும்.