கட்டையில் கட்டிய ஆர்க்கிட்டுக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர்?

கேள்வி: 14வது மாடியில் குடியிருக்கிறோம். பால்கனியில் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டை மரக்கட்டையில் கட்டித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். இருந்தும் இலைகள் சுருங்கித் தொய்கின்றன. நம் ஊர்க் காற்றிலேயே இவ்வளவு ஈரம் இருக்கும்போது ஏன் இப்படி?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: காற்றின் ஈரம் வேர் காய்வதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். செடியின் தாகம் தீர, வேரில் தண்ணீரே பட வேண்டும். வேரைச் சுற்றியுள்ள வெண்ணிற உறைக்கு வெலமன் என்று பெயர். உயிரற்ற செல்களால் ஆன அது, பஞ்சைப் போல நீரை உறிஞ்சும். நனைந்ததும் உறை கண்ணாடி போலாகி உள்ளிருக்கும் பச்சை தெரியும். காய்ந்தால் வெள்ளி நிறத்துக்குத் திரும்பும். லேசாகத் தெளித்தால் வேரின் மேல்புறம் மட்டுமே நனைகிறது. உயர்மாடிக் காற்றில் அதுவும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் வேர் முழுவதும் பச்சையாகும்வரை ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் விட்டு, இன்னொரு முறை. முதல் தடவையில் உறை நனைந்துகொள்ளும். இரண்டாவதுதான் வயிறு நிறையக் குடிப்பது. பால்கனியில் ஊற்றினால் கீழ்வீட்டுக்கு ஒழுகும் என்றால், வாளித் தண்ணீரில் கட்டையை 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். குருத்து மட்டும் மூழ்கக் கூடாது.

அதன் பிறகு கவனிக்க வேண்டியது வேரின் நிறம். மாலை 4, 5 மணிக்கு வெள்ளையாகிவிட்டால் சரியான அளவு. நண்பகலுக்கு முன்பே வெளுத்தால், காற்று நேராக அடிக்காத உள்பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். அல்லது வேருக்கும் கட்டைக்கும் இடையே நீரைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசியை மெல்லிய படலமாக வைத்துக் கட்டுங்கள். தடிமனாக வைத்தால் நம் வெப்பத்தில் வேர் அழுகும். இரவு 8 மணிக்கும் பச்சையாகவே இருந்தால் பாசி அதிகம், அல்லது காற்றோட்டம் போதவில்லை. ஈரப்பதமானியைச் செடியின் அருகிலேயே தொங்கவிட்டுப் பிற்பகல் 2 மணிக்குப் பாருங்கள். 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் காலை ஒரு வேளை போதும். 50க்குக் கீழே இறங்கும் நாள்களில் பிற்பகல் 3 மணிக்குள் இன்னொரு முறை ஊற்றலாம்.

ஓர் எச்சரிக்கை: வேர் அழுகினாலும் இலை சுருங்கும். அதனால் முதலில் வேரை விரலால் அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் தாகம். தோல் கழன்று உள்ளே கம்பி போன்ற நடுநரம்பு மட்டும் நின்றால் அழுகல். அப்போது தண்ணீரைக் கூட்டினால் கேடுதான். சுருங்கிய பழைய இலை முழுதாக நிமிராமல் போகலாம். புது இலையும் புது வேர்நுனியும் வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மழை நாள்களில் என் ஃபெலனாப்சிஸின் குருத்து கறுத்து, இழுத்தால் கையோடு வந்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?
- வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: இலைகளின் நடுவே இரவெல்லாம் நீர் தேங்கியதால் வந்த அழுகல். இந்தச் செடிக்கு வளர்நுனி ஒன்றுதான், ஆகவே அதே இடத்தில் மறுபடி குருத்து வராது. ஆனாலும் தூக்கி எறிய வேண்டாம். கத்தியை நெருப்பில் காட்டி ஆறவிட்டு, அழுகிய பகுதியை நல்ல சதை தெரியும்வரை வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் இலவங்கப்பட்டைத் தூளைப் பூசுங்கள். வேரில் படக் கூடாது, அதை உலர்த்திவிடும். வேர்கள் நன்றாக இருந்தால் சில மாதங்களில் அடியிலிருந்து கன்று வரலாம்.

அடுத்த செடியைக் கட்டும்போது குருத்து மேலே பார்க்கக் கூடாது. காட்டில் இது பக்கவாட்டில் சாய்ந்து, இலைகளைத் தொங்கவிட்டுத்தான் வளர்கிறது. விழும் மழை வழிந்துவிடும். செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை பினாங்கில் மழை மிகுதி. அப்போது ஒளி புகும் கூரைத்தகடு ஒன்று போட்டு, மழை நனைத்த நாளில் நீங்கள் ஊற்றுவதை நிறுத்துங்கள். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் பழையபடி தினமும் வேண்டும்.

கேள்வி: கட்டையில் இருக்கும் புறா ஆர்க்கிட் பூக்கவில்லை. தண்ணீரைக் கூட்டலாமா, உரம் போடலாமா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இரண்டும் பூவைக் கொண்டுவராது. கனமழையில் வெப்பம் சட்டென்று குறையும்போதுதான் இதன் மொட்டு விழித்துக்கொள்ளும். சுமார் ஒன்பது நாள் கழித்து வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூத்து, ஒரே நாளில் வாடும். கூரைக்கடியில் வைத்திருந்தால் வெளியே மாற்றி மழை படவிடுங்கள். உரம் செடியின் வளர்ச்சிக்குத்தான்: பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு, வாரம் ஒருமுறை, வேரைத் தண்ணீரில் நனைத்த பிறகே. காய்ந்த வேரில் உரநீர் பட்டால் நுனி கருகிவிடும்.