மனம் அலைந்தால் என்ன?

வணக்கம் ஐயா. ஆறு மாதமாகத் தியானம் பழகுகிறேன். கண்ணை மூடினால் வீட்டுக்கடன், ஆபீஸ், பழைய சண்டை என்று மனம் ஓடிவிடுகிறது. எத்தனை முறை ஓடியது என்று நோட்டில் குறித்துவருகிறேன். விழித்திருக்கும் நேரத்தில் 46.9 சதவீதம் மனம் அலைகிறது, அலையும் மனம் மகிழ்ச்சியற்ற மனம் என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. நல்ல செயலி ஏதாவது உண்டா?
சுகந்தி, மயிலாடுதுறை

அன்புள்ள சுகந்தி,

சில நாட்களாக நானும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன். முதலில் அந்த நோட்டைத் தூக்கிப் பரணில் போடுங்கள். மனம் ஓடிவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்ததே, அப்படித் தெரிவதற்குத்தானே உட்கார்ந்து பழகுகிறோம்? அதைப் போய்த் தப்புக் கணக்கில் எழுதி உங்களையே திட்டிக்கொள்வீர்களா?

அந்த 46.9, கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2,250 பேரிடம் ஐபோன் வழியாக அவ்வப்போது கேட்டு 2010இல் வெளியிட்டது. இனிமையான எதையாவது நினைத்து அலைந்தவர்களுக்கு, கைவேலையிலேயே மனம் வைத்திருந்தவர்களைவிட மகிழ்ச்சி ஒன்றும் குறையவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பயப்படலாமா?

எங்கள் அப்பா இரவு முறைத் தண்ணீருக்கு மண்வெட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருப்பார். வெற்றிலை மென்றுகொண்டே அக்கா கல்யாணம், கூட்டுறவுக் கடன், எப்போதோ செத்துப்போன மாடு என்று எதையாவது முணுமுணுப்பார். மனம் எங்கெங்கோதான் போகும். ஆனால் மடையில் விழும் தண்ணீரின் சத்தம் கொஞ்சம் மெலிந்தால் போதும், பேச்சைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார். நேராக ஒரு நண்டு வளையில் போய் நிற்பார், அது வழியாகத் தண்ணீர் பள்ள வயலுக்குச் சளசளவென்று ஓடிக்கொண்டிருக்கும். சேற்றை அள்ளிப் போட்டுக் குதிகாலால் மிதித்து அடைத்துவிட்டு, திரும்பிவந்து அதே மாட்டுக் கதையைத் தொடர்வார். அவருக்குத் தியானம் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அலைவது வேறு, அலைவது தெரியாமலே அலைவது வேறு. புத்தகம் படிக்கிறவர்களை நடுவில் நிறுத்திக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள், கேட்ட பிறகுதான் பலருக்கும் தாங்கள் வேறெங்கோ போயிருந்ததே தெரிந்தது. பழைய சண்டை கால்மணி நேரம் உள்ளே ஓடி முகம் கடுத்த பிறகு விழித்துக்கொள்கிறோமே, அந்தக் கால்மணிதான் நம்மைத் தின்கிறது. அதற்காக அலைச்சலையே கொன்றுவிடாதீர்கள். தானாக வருகிற யோசனையில்தான் விட்டுப்போன வேலை ஞாபகம் வரும், அம்மாவுக்குப் போன் பண்ணத் தோன்றும், எனக்கு ஒரு கதையின் முடிவே வரும். இதற்கெல்லாம் மனசுக்குக் கொஞ்சம் சும்மா நேரம் வேண்டாமா? பஸ்ஸில் ஏறியதும் போனை எடுத்துவிடுகிறோம், அலையக்கூட விடுவதில்லை. எனக்கு இதில்தான் கோபம் வருகிறது.

செயலியா? வேண்டாம். அடுத்த முறை கும்பகோணம் போகும்போது குத்தாலம் தாண்டும் வரைக்குமாவது போனைப் பைக்குள் வையுங்கள். என்னென்ன வந்தது, எப்போது தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள். எத்தனை முறை என்று மட்டும் எழுதாதீர்கள்.